வாயோரம்

கொரோனா எனக்கும் செண்பகத்துக்கும் சேர்ந்தே வந்தது. அவளைக் கொண்டுபோனது, என்னிடம் முகத்தின் இடப்பக்க நரம்பை மட்டும் பிடுங்கிக்கொண்டு விட்டுவிட்டது. வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டதில், பெண்டாட்டியின் கருமாதியில் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவனைப் போல இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மாவே நான் ஊருக்குக் கோமாளி. "என்ன மாப்ளே, எந்தங்கச்சி போனதுல உமக்கு அப்படியென்ன சிரிப்பு?" என்றார் அவள் அண்ணன் ஆவுடையப்பன். நோயில் கோணிய வாய் என்று விளக்கப் போனால், பேசப் பேச இளிப்பு இன்னும் அகலமானது. கொழுந்தியாள் பாப்பாத்திதான் குறுக்கே வந்தாள். "சும்மா இருண்ணே, அத்தான் அழுதாவ பாரு" என்று என் இடது கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டாள். அது மூட முடியாத கண்; சோப்பு விளம்பரத்துக்கும் ஒழுகும். நல்ல கண்ணில் இன்றுவரை ஒரு சொட்டு வரவில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. எல்லோரும் பஸ் ஏறிப் போனபின் செண்பகத்தின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். சிரிக்கிற வாயோரத்தை இரண்டு விரலால் இழுத்து நேராக்கிப் பிடித்துக்கொண்டேன். விரலை எடுத்தால் மறுபடி இளிக்கும். "சீக்கிரம் பாத்துக்க பிள்ள, கை வலிக்கு" என்றேன்.