இரண்டு பிஸ்கட்

ஹாலந்தின் மணல்மேடுகளுக்குப் பின்னால் இருக்கும் பைத்தியக்கார விடுதியின் தையல் அறையில், மாலை வெயில் எங்கள் மடியில் கிடக்கும் கிழிந்த காலுறைகள் மேல் விழுகிறது. எங்களைப் பார்த்துக்கொள்ளும் லீஸ்பெத், எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு, புது நாவல் ஒன்றை எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறாள். கதையில் ஒரு பைத்தியக்காரி தலைவிரிகோலமாக மணல்மேட்டில் அலறிக்கொண்டு ஓடுகிறாள். லீஸ்பெத்தின் குரல் இறங்குகிறது. எங்கள் ஊசிகள் நிற்கின்றன. “அந்தக் காத்துல முடிய விரிச்சுப் போட்டாளாமா? அப்புறம் எவ உக்காந்து சிக்கெடுக்கிறது?” என்கிறாள் எங்களில் ஒருத்தியான ஃபெம்கே. சிரிப்பில் நூல்கண்டு ஒன்று உருண்டு ஓடுகிறது. பிறகு அவளே மெதுவாக, “கடைசியில இவளும் செத்துருவாளா? கதையில எப்பவும் செத்துப்போறாளுங்களே” என்கிறாள். லீஸ்பெத் பக்கத்தைப் பார்க்கிறாள், எங்களைப் பார்க்கிறாள். “அவள் வீட்டுக்குத் திரும்பினாள். அக்கா காப்பி ஊற்றி, டப்பாவைத் திறந்து இரண்டு பிஸ்கட் கொடுத்தாள்” என்று வாசிக்கிறாள். “ரெண்டா? நம்ம ஊர்ல ஒண்ணு எடுத்ததும் டப்பா மூடியப் போட்டுருவாங்களே! எழுதுனவன் நம்ம ஊர்க்காரனே இல்ல” என்று சொல்லிச் சிரித்தபடி ஃபெம்கே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். லீஸ்பெத்தின் தோளருகே உட்கார்ந்திருக்கும் எனக்குப் புத்தகத்தின் அந்தப் பக்கம் தெரிகிறது. அதில் கால்வாயும் அந்தப் பைத்தியக்காரியின் பிணமும்தான் இருக்கின்றன. இன்னும் வாய் வைக்காத என் காப்பியை ஓசைப்படாமல் லீஸ்பெத்திடம் நகர்த்துகிறேன்.