தண்ணீர் எழுத்து

சீனத்து அருங்காட்சியகத்தில் பழைய தமிழ்க் கல்வெட்டைப் பார்த்ததிலிருந்து, "எங்க பாஷை, எங்க பாஷை" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மார்தட்டினார் மாசிலாமணி. வாசலில் ஒரு கிழவர், பெரிய தூரிகையைத் தண்ணீரில் முக்கிக் கல்தரையில் எழுதிக்கொண்டிருந்தார். வெயில் பட்டால் மறைந்துபோகும் எழுத்து. கல்வெட்டில் இருப்பது இவருடைய மொழி என்று வழிகாட்டிப் பெண் சொன்னதும் கிழவர் எழுந்து, தூரிகையை இரு கைகளாலும் நீட்டினார். கூட்டம் சூழ்ந்தது. மாசிலாமணி மொழியின் பெயரைப் பெரிதாக எழுதினார்.

"என்னங்க, தமிள்னு போட்டிருக்கீங்க. சிறப்பு ழ இல்ல வரணும்?" மனைவி காதோரம் கிசுகிசுத்தாள்.

அதற்குள் கிழவர் தூரிகையை வாங்கி, அந்த மூன்று எழுத்தையும் அச்சு அசலாக, வாசல் நெடுக எழுதிக்கொண்டே போனார். எல்லோரும் கைதட்டினார்கள். மாசிலாமணி அண்ணாந்து பார்த்தார். வெயிலையே காணோம்.