டப்பாவில் குறைந்த மாத்திரை

"புருஷனுக்குக் கொடுத்த மாத்திரையை நீ எதுக்குத் தின்னே?"

கம்பவுண்டர் செபாஸ்டின் போட்ட சத்தத்தில், எஸ்டேட் டிஸ்பென்சரி வாசலில் நின்ற நாங்கள் எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தோம்.

பெஞ்சில் சுருளியம்மாள். காலையில் கொழுந்து பறிக்கும்போது அட்டை கடித்திருக்கிறது. மத்தியானமாகியும் ரத்தம் நிற்கவில்லை. காலில் கட்டிய துணி நனைந்து கிடந்தது.

பீர்மேட்டு அட்டைகளைப் பற்றி எனக்குத் தெரியாததா? ஒரு தரம் ஓர் அட்டை துரையின் ஜீப் டயரைக் கடித்து, டயரே சூம்பிப்போனது. அது கடித்தால்கூட இத்தனை நேரம் ரத்தம் வராது.

"தினம் ஒண்ணுன்னு பதினாறு கொடுத்தேன். ஆறு நாள்தான் ஆச்சு, மிச்சம் நாலு இருக்கு. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை இது. நீயும் தின்னுருக்கே. அதான் நிக்க மாட்டேங்குது!"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

அவள் புருஷன் பெரியமுத்து, துரையின் டிரைவர். எழுபத்தாறாம் வருஷம் பட்டணத்து ஆஸ்பத்திரியில் அவன் காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து, நெஞ்சில் மாற்றுவழி வைத்துத் தைத்தார்கள். மூன்றே வருஷத்தில் அதுவும் சுருங்கிவிட்டது. இன்னும் பத்து நாளில் தொடை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கப்போகிறார்கள்.

"குழாய் போறப்ப ரத்தம் கட்டிக்கிச்சுன்னா ஆளு மேசையிலயே போயிருவான். தெரியுமா உனக்கு?"

நான் சும்மா இருப்பேனா? "ஏன் தாயி, மாத்திரைல சீனி தடவியிருக்கோ?" என்றேன். வாசலில் ஒரே சிரிப்பு.

சுருளியம்மாள் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"அவரு முழுங்க மாட்டேங்கிறாரு சார். எலிக்கு வைக்கிற விஷம்னு பயப்படுறாரு. தெனமும் அவரு கண்ணு முன்னால நான் ஒண்ணு முழுங்கிக் காட்டினாத்தான், அவரும் ஒண்ணு முழுங்குறாரு."

சிரிப்பு நின்றுபோனது.

செபாஸ்டினுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ இனிமே தொடாதே. குறையுற மாத்திரைக்கு நான் ஆள் அனுப்புறேன், உன் புருஷன்கிட்டயும் நானே பேசுறேன். விஷம்னு சொன்னவன் எவன்? பேரைச் சொல்லு. துரைகிட்டச் சொல்லி லயத்து வீட்டை விட்டே கிளப்பிடறேன்."



போன வாரம் டீக்கடையில் பெரியமுத்துவை உட்காரவைத்து, "இந்த மாத்திரையத் தின்ன எலி ஒண்ணு, குடோன்ல கண்ணுல காதுல ரத்தம் கக்கிச் செத்ததை என் கண்ணால பாத்தேன்" என்று அளந்துவிட்டவன் நான்தான். அன்றைக்கும் நல்ல சிரிப்பு.

சுருளியம்மாள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, காலில் இருந்த துணியை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஏலப்பாறைச் சந்தையில எவனோ சொன்னானாம் சார். நம்ம லயத்து ஆளுக யாரும் அப்படிச் சொல்லுவாகளா?"