பழைய பார்ட்ஸ்

“இந்த மேடு பூரா ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டேவா வந்தே? மூச்சுக்கூட வாங்கலையேம்மா!” மெக்கானிக் வாயைப் பிளந்தார்.

“அதெல்லாம் பழக்கம்ண்ணே. வண்டி ஏன் நின்னுச்சுன்னு பாருங்க.”

கழற்றிப் பார்த்தார். “கார்புரேட்டர் போச்சு. புதுசு வர நாலு நாள் ஆகும்.”

“பழசு ஏதாவது இருந்தா மாட்டிக் குடுங்களேன். இன்னைக்கு நிறைய இடம் போகணும்.”

அவ்வளவுதான், மனிதர் பொரிந்து தள்ளிவிட்டார். சுவரில் தொங்கிய போர்டை ஸ்பேனரால் தட்டினார்: ‘இங்கே பழைய பார்ட்ஸ் பொருத்துவதில்லை.’

“இன்னொரு வண்டியில ஓடினது இதுல எத்தனை நாள் ஓடும்? நடுரோட்டுல கழுத்தறுத்துடும்! முப்பது வருஷமா நான் அதைக் கையால தொட்டதில்ல.”

அவள் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். “அப்போ நீங்க இதுல கையெழுத்துப் போட மாட்டீங்க.”

வாங்கிப் படித்தார். உடல் உறுப்பு தானம்.

“எனக்கப்புறம் என் பழைய சாமானா? நல்ல கதை! அது எவன் நெஞ்சுல போய் ஓடும்?”

“ஏழு வருஷமா ஓடுதுண்ணே.” அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். “யாரோ ஒரு புண்ணியவான் குடுத்துட்டுப் போனது. அதை வெச்சுத்தான் வண்டியை மேட்டுல ஏத்தினேன்.”

மெக்கானிக் மேட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு சாக்பீஸைத் தேடி எடுத்து, போர்டின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதினார்:

‘வண்டிகளுக்கு மட்டும்.’