படகு நீலம்

“மூணு சொட்டுதான். நாலாவது விழுந்தா எல்லாம் போச்சு” என்றார் ஆராவமுதன்.

ருக்மிணி மூச்சைப் பிடித்துக்கொண்டு இங்க் ஃபில்லரை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கூடத்து மேஜையில் படுத்திருந்தது நோயாளி அல்ல. ஒன்றேகால் அடி நீளத்தில் ஒரு மரப் படகு.

ஆராவமுதன் செங்கல்பட்டு சர்வே ஆபீஸில் தலைமை டிராஃப்ட்ஸ்மேன். மாதிரிகள் செய்வதை யாராவது பொழுதுபோக்கு என்றால் அவருக்குக் கோபம் வரும். அது விஞ்ஞானம் என்பார். மாமல்லபுரம் கடற்கரையில் நிற்கும் நீலமேகத்தின் படகை அளந்து, இருபதில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்திருந்தார். ஆணி எண்ணிக்கைகூடத் தப்பவில்லை. நிறம்தான் படியவில்லை.

அதற்கு மூன்று கம்பெனி எனாமல் வைத்திருந்தார். மைத்துனர் லண்டனிலிருந்து கொண்டுவந்த கட்டைவிரல் உயரச் சீமை டப்பா ஒன்று, மெட்ராஸில் வாங்கியது ஒன்று, உள்ளூர் சைக்கிள் கடையில் மட்கார்டுக்கு அடிப்பது ஒன்று. சீமைச் சரக்கு மங்கலாகக் காயும். மட்கார்டு சரக்கு மினுமினுக்கும். மூன்றையும் கலந்தால், அன்றைக்கு அதற்கு மனசு சரியில்லையென்றால், பால் போலத் திரிந்துவிடும்.

“ஏன்னா, இன்ன பெயிண்டுன்னு அந்தப் படகுக்காரரையே கேட்டுட்டா என்ன?”

“லண்டன் கேட்டலாக் என் கையில இருக்கு. நான் போய் அவன்கிட்ட கேக்கணுமா?”

“கேட்டலாக்ல அவர் படகு இல்லையேன்னு சொன்னேன்” என்றாள் ருக்மிணி, ஃபில்லரை டர்பென்டைனில் கழுவிக்கொண்டே.

ஆராவமுதனின் அவசரத்துக்குக் காரணம் உண்டு. போன வருஷப் பொருட்காட்சியில் அவருடைய ரயில் எஞ்சினைப் பார்த்து, “கறுப்பு கொஞ்சம் உதைக்கறதே” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார் டிராயிங் மாஸ்டர் வெங்கடராகவன். அவர்தான் குழுவின் செயலாளர். இந்த வருஷம் காஞ்சிபுரத்திலிருந்து கலெக்டர் வருகிறார். படகு முன் மேஜையிலா, மாதர் சங்கத்து ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னாலா என்பது வெங்கடராகவன் கையில்.

“கடற்கரைக்கே வந்து அசலோட வெச்சுப் பாருங்கோ. நிறம் ஒத்துப்போகலேன்னா ஊறுகாய்க்குப் பின்னாலேயே வெச்சுக்கறேன்” என்று சவால் விட்டவர் ஆராவமுதன்தான். ஏழு வாரம் தவணை.

முதல் ஞாயிற்றுக்கிழமையே நீலமேகத்தைக் கூப்பிட்டு, ஆபீஸ் குரலில் சொல்லிவிட்டார். “இதோ பாருப்பா, கலெக்டர் பாக்கப் போறார். உன் படகும் என் படகும் ஒரே நிறமா இருக்கணும். ஒரு இம்மி வித்தியாசம் வந்தாலும் என் மானம் போயிடும். தெரியறதா?”

“ஆவட்டும் சாமி” என்றார் நீலமேகம்.

அன்று வண்ணம் தோய்த்துக் கொண்டுபோயிருந்த குச்சியைப் படகின் பலகையோடு வைத்துப் பார்த்தார் ஆராவமுதன். குச்சியில் பச்சை தூக்கல். எரிச்சலோடு மணலில் எறிந்தார்.

“அந்தக் குச்சி வோணுமா சாமி?”

“வேண்டாம். உனக்கெதுக்கு?”

“சும்மாத்தான்.”

கலைக்கு ரசிகர்கள் எங்கும் இருக்கிறார்கள் என்று எண்ணி, பெருந்தன்மையுடன் தலையசைத்தார்.

பச்சையைக் குறைத்து அடுத்த ஞாயிறு வேறொரு குச்சியுடன் போனார். இப்போது குச்சியில் நீலம் தூக்கல். நீலத்தைக் குறைத்தார், அதற்கடுத்த வாரம் மறுபடி பச்சை. இப்படி ஆறு வாரம், ஆறு குச்சி. ஒவ்வொன்றையும் நீலமேகம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“கம்பெனிக்குக் கம்பெனி பெயிண்ட் ஒண்ணோடொண்ணு சண்டை போடறது, ருக்மிணி. ஆற ஆற நிறம் மாறறது. இதுக்கு ரசாயனம் தெரியணும்” என்று வீட்டில் முக்கால் மணி நேரம் விளக்கினார். அவள் அதற்குள் ஒரு கூடை முருங்கைக்கீரையை ஆய்ந்து முடித்துவிட்டாள்.

அதனால்தான் கடைசியாக இந்தச் சொட்டுக் கணக்கு. ஆறாவது ஞாயிறு நீலமேகத்தின் படகில் பார்த்த நிறத்தை மனதில் அச்சாகப் பதித்துக்கொண்டு, இம்மியும் பிசகாமல் கலந்து, சின்னப் படகு முழுவதற்கும் இரண்டு கை அடித்துவிட்டார்.

ஏழாவது ஞாயிறு காலை, துண்டில் சுற்றிய படகைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழி போகும் பஸ்ஸில் உட்கார்ந்தார். பக்கத்தில் வெங்கடராகவன். மாமல்லபுரம் வரும்வரை எனாமலைப் பற்றி ஆராவமுதன் பேசினார். வெங்கடராகவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடற்கரையில் நீலமேகம் வலை பிரித்துக்கொண்டிருந்தார். ஆராவமுதன் துண்டை விலக்கி, சின்னப் படகைப் பெரிய படகின் ஓரமாக வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.

வெங்கடராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஆராவமுதா, அது நீலம். உம்மது பச்சையான்னா இருக்கு?”

ஊறுகாய் ஜாடிகள் ஆராவமுதன் கண் முன்னே வரிசையாக நின்றன.

“ஏம்பா, இந்தப் படகு எப்பவும் இதே நிறம்தானா?” என்று நீலமேகத்தைக் கேட்டார் வெங்கடராகவன்.

ஏழு வாரத்தில் நீலமேகத்திடம் ஒருவர் விவரம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். பச்சையைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார், பிறகு ஆராவமுதனைப் பார்த்தார்.

“வாரா வாரம் உன் கலருக்கோசரம்தான் என் படக மாத்தி மாத்தி அடிச்சிகினு கீறேன். மொதல்ல நீ ஒரு கலர்ல நில்லு சாமி.”