கையை விட்டுப் போகாத புத்தகம்

இருதயராஜ் மெக்கானிக்ஸில் தோற்றுப் போனான்.

அடுத்த பரீட்சையிலும் தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். ஓவர்சியர் படிப்பு அதோடு சரி.

விழுப்புரத்து இஞ்சினியரிங் பள்ளியில் அந்தப் பாடம் நடத்தியவர் கோதண்டபாணி. பையன் ஏன் தோற்றான் என்று அவர் யோசிக்கவே இல்லை. சோம்பல். வேறென்ன? வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"ரயில்ல தூங்கிக்கினு வந்தா, உத்தரம் எவ்ளோ பாரம் தாங்கும்னு கனவுல வந்து சொல்லுவாங்களா? மறுபடி கோட்டை விட்டா ஓமந்தூர் கொல்லையில மல்லாட்டைச் செடி பிடுங்கப் போக வேண்டியதுதான்."

பையன்கள் சிரித்தார்கள். இருதயராஜ் தலையைக் குனிந்துகொண்டான். திண்டிவனத்துக்காரன். தினமும் ரயிலில் வந்து போகிறவன்.

அந்தப் பாடத்துக்குப் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு புத்தகம். சீமையிலிருந்து வந்தது. யுத்தம் தொடங்கிய பிறகு இன்னொன்று வரவழைக்க வழியில்லை. நூலகர் காதர் பாட்சா அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். கேட்டால் எடுத்து வருவார். தன் மேஜைமேல் விரித்துத் தானே பிடித்துக்கொள்வார். படிக்கிறவன் எதிரே உட்கார்ந்து படிக்கலாம். பக்கம் புரட்டுவதும் அவர்தான். புத்தகம் நூலகர் கையை விட்டுப் போகக் கூடாது என்பது பிரின்சிபால் போட்ட சட்டம்.

நூலகம் விடிந்ததும் திறக்கும். வகுப்பு விடும் நேரத்துக்கு மூடிவிடும். விழுப்புரத்திலேயே தங்கியிருந்தவர்கள் காலையில் வந்து படித்தார்கள். திண்டிவனம் ரயில் வந்து சேருவதற்குள் முதல் மணி அடித்துவிடும்.

கோதண்டபாணியும் ஒரு தரம் புத்தகத்தை வீட்டுக்குக் கேட்டுப் பார்த்தார்.

"கையை விட்டுப் போகக் கூடாதுங்க சார்."

"வாத்தியாருக்குமா பாய்?"

"வாத்தியாருக்கும்தாங்க."

அது அவர் மனசில் முள்ளாகத் தைத்திருந்தது.

ஒருநாள் சாயங்காலம் நூலகப் பக்கம் போனார். கதவு மூடியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், கண்ணாடி அலமாரியில் அந்த இடம் மட்டும் காலி. பியூன் பச்சைமுத்துவைக் கூப்பிட்டு விசாரித்தார். கொஞ்ச நாளாகவே பாய் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறாராம். காலையில் கொண்டுவந்து வைத்துவிடுகிறாராம். எங்கே போகிறார் என்று கேட்டதற்கு, ஸ்டேஷன் பக்கம் என்றான் பச்சைமுத்து.

பாயின் வீடு ஸ்டேஷன் பக்கமே இல்லை.

ஆக, ஊருக்கெல்லாம் சட்டம். இவருக்கு மட்டும் கிடையாது. புத்தகத்தை வெளியூரில் யாருக்கோ கொடுத்து வாங்குகிறார். கையும் களவுமாகப் பிடித்து பிரின்சிபால் முன்னால் நிறுத்திவிட வேண்டியதுதான். கோதண்டபாணி வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

திண்டிவனம் பாசஞ்சர் புறப்படும் நேரம். மூன்றாம் வகுப்புப் பெட்டிகளை எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிப் பெட்டியில் காதர் பாட்சா தெரிந்தார். கோதண்டபாணி அதே பெட்டியில் ஏறினார். வண்டி நகர்ந்தது.

கீரைக் கூடைக்காரிகளைத் தாண்டிப் போவதற்குள் முண்டியம்பாக்கம் வந்துவிட்டது.

பாய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடிமேல் புத்தகம். இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். எதிர்ப்பலகையில் ஒருவன் குனிந்து, குலுங்குகிற வண்டியில் சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"புரட்டுங்க பாய்" என்றான். நிமிர்ந்தான். இருதயராஜ்.

பயந்து எழுந்துவிட்டான். பாய் எழவில்லை. எழுந்தால் புத்தகத்தை விடவேண்டி வரும்.

"சட்டம் என்ன ஆச்சு பாய்?" என்றார் கோதண்டபாணி.

"கையை விட்டுப் போகக் கூடாதுங்க. போகல. நான் எங்க போகக் கூடாதுன்னு அதுல எழுதலைங்களே."

திண்டிவனத்தில் இறங்கி, அடுத்த வண்டிக்கு நின்று திரும்புகிறாராம். நேரம் கழித்து வருவதற்கு வீட்டில் பேஜாரு பண்ணுகிறார்களாம். அதையும் அவரே சொன்னார்.

கோதண்டபாணிக்கு விட மனசில்லை. பையனிடம் திரும்பினார்.

"இவரை ஏண்டா இப்படி அலையவிடறே? விழுப்புரத்துல ஒரு ரூம் பார்த்துத் தங்கக் கூடாதா?"

இருதயராஜ் சிலேட்டைப் பார்த்தான். பாய்தான் சொன்னார்.

"கேட்டுப் பார்த்தான் சார். எந்தத் தெருன்னு கேட்பாங்க. சேரின்னு சொன்னதும், ரூமுக்கு வேற ஆள் வந்துடுச்சும்பாங்க. உங்க வீட்டுப் பின்கட்டையும் கேட்டான்."

கோதண்டபாணிக்கு நினைவு வந்தது. பள்ளி திறந்த புதிதில், வாசலில் யாரோ ஒரு பையன். முகத்தை அன்றைக்குப் பார்க்கவில்லை. தெருவை மட்டும் கேட்டார். பின்கட்டு அன்றைக்கும் காலி. இன்றைக்கும் காலி.

விக்கிரவாண்டி போயிற்று. மயிலம் தாண்டிய பிறகு கோதண்டபாணி வாயைத் திறந்தார்.

"நாளைக்கே வந்து இருந்துக்கோ. வாடகை வேணாம்."

"வேணாங்க சார்" என்றான் இருதயராஜ். "இப்படியே படிச்சிக்கறேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

அன்று திண்டிவனத்திலிருந்து திரும்பும் வண்டியில் அவரும் பாயும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். புத்தகம் பாயின் மடியிலேயே இருந்தது. கோதண்டபாணி அதைக் கேட்கவில்லை.

பரீட்சை முடிந்தது. முடிவு வந்தது. மெக்கானிக்ஸில் இருதயராஜ் முதல் வகுப்பு.

பிரின்சிபால் எல்லா வாத்தியார்களையும் கூட்டினார். கோதண்டபாணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெயரை அடித்துவிட இருந்த பையனை இப்படித் தூக்கிவிட்டாரே, வாத்தியார் என்றால் இவரல்லவா என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கோதண்டபாணி கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"இந்தக் கைக்கு இல்லைங்க சார் அது. நான் அவனுக்கு வாசக்கதவைச் சாத்தினவன். அவனைப் படிக்க வச்சவர் லைப்ரேரியன் காதர் பாட்சா."