ஒட்டாத தும்மல்

"மாஸ்க்கை மூக்கு மேல இழுத்து விடுக்கா. தப்பா நினைச்சுக்காதே, புள்ளைக்கு இன்னும் மாசம்கூட ஆகலை."

தங்கை ஆவி பிடிக்கக் கொதிக்கும் தண்ணீரைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். வழக்கம்போல ஜன்னலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தாள். நல்ல காற்று வந்தால்தான் சளி சீக்கிரம் போகும் என்று ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனாள்.

அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பிள்ளை பெற்ற உடம்போடு தனக்குப் பணிவிடை செய்கிறாளே என்று உருகுவதற்குள் அடுத்தடுத்து ஏழு தும்மல் வந்தது. உருக்கத்துக்குக்கூட இடம் கொடுக்காத மூக்கு அது.

அக்கா மருந்துக்கடையில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவள். தனியாள். முதலாளியிடம் மன்றாடி மூன்று வாரம் லீவு வாங்கி, ரயிலேறி வந்தது தங்கையின் குழந்தையைக் கையில் வைத்துக்கொள்ளத்தான். வேறு ஆசை அவளுக்கு இல்லை.

முதல் இரண்டு நாள் அது நன்றாகவே நிறைவேறியது. அம்மா தூக்கினாலும் அப்பா தூக்கினாலும் வீட்டையே இரண்டாக்கிய பயல், பெரியம்மாவின் தோளில் சாய்ந்ததும் கப்சிப் என்று அடங்கினான். "இனிமே இவனுக்கு அம்மாவே வேண்டாம், பெரியம்மா போதும்" என்று தங்கையின் கணவன் சிரித்தான். தங்கையும் சிரித்தாள்.

ஹாலில் படுத்தால் அக்காவுக்குத் தூக்கம் கெடும் என்று அன்று சாயங்காலமே அவள் பெட்டியைக் கடைசி அறைக்கு மாற்றினாள் தங்கை. மறுநாள் விடிந்ததும் தும்மல் பிடித்துக்கொண்டது.

ரயில் ஏசியில் பிடித்த சளி என்று எல்லோரும் தீர்ப்பு எழுதினார்கள். பச்சைக் குழந்தைக்கு ஒட்டிக்கொண்டால் என்ன ஆவது? அன்றிலிருந்து அக்காவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். குழந்தையை வாசலோடு நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

அப்படி வாசலில் நின்று நின்று தங்கையின் அறை அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. தொட்டில், துணி அலமாரி, விளிம்பெல்லாம் டேப் ஒட்டி இறுக மூடிய ஜன்னல். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, கொசு வருகிறது என்றாள் தங்கை.

பகலெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை வீறிடும். இந்தப் பக்கம் அக்காவின் தோள் சும்மா இருக்கும். இத்தனை வருடம் கூடவே இருந்த சொந்த மூக்கு இந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டதே என்று அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

பதினெட்டாம் நாள் பல் தேய்க்கும்போதுதான் பொறி தட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைக்கு வருகிற யாரையும் நாலு கேள்வி கேட்காமல் அவள் விட்டதில்லை. தன்னை ஒரு கேள்விகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

காய்ச்சல் உண்டா? இல்லை. உடம்பு வலி? இல்லை. மூக்கில் வருவது கெட்டியா, தண்ணியா? குழாய்த் தண்ணீர் மாதிரிதான். அரிப்பு? கண்ணும் மூக்கும் மேலண்ணமும் பிய்த்துப் போடலாம் போல அரித்தன. சாதாரண சளியாக இருந்தால் பத்து நாளில் மூட்டை கட்டியிருக்கும். இது அலர்ஜி, யாருக்கும் ஒட்டாது.

ஓடிப்போய்ச் சொன்னாள். "நீ மருந்து எடுத்துக் குடுக்கறவதானேக்கா, டாக்டர் சொல்லட்டும்" என்றாள் தங்கை, குழந்தையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு. அதுவும் நியாயம்தான் என்று அக்கா விழுங்கிக்கொண்டாள்.

டாக்டரிடம் நேரம் கிடைத்தது லீவின் கடைசி நாளில். ஒரு மணி நேரம் காத்திருந்தும் அவளுக்கு அங்கே ஒரு தும்மல் வரவில்லை. மூக்கையும் தொண்டையையும் நெஞ்சையும் பார்த்த டாக்டர், எங்கே படுக்கிறீர்கள், பக்கத்தில் மரம் ஏதும் பூத்திருக்கிறதா என்று விசாரித்தார்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். கடைசி அறை ஜன்னலை ஒட்டியே ஒரு மரம், கிளை தெரியாமல் பூத்து நின்றது. தினமும் விளிம்பில் மஞ்சளாகப் படிந்ததைத் தூசி என்று துடைத்துப் போட்டவள் அவளேதான். பூவின் மகரந்தம் ஆகாமல் வந்த அலர்ஜி, தொற்று இல்லை, குழந்தையைத் தூக்கலாம் என்று கேட்டுக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரயில். ஒரு சாயங்காலம் மிச்சம் இருந்தது, அது போதும். ஆட்டோவில் வரும்போதே தோளில் போட்டுக்கொள்ளத் துவைத்த துண்டு பெட்டியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

தங்கையின் மடியில் குழந்தை அழுதுகொண்டிருந்தான். அவள் சீட்டை வாங்கிப் படித்தாள். திரும்ப ஒரு முறை படித்தாள். பிறகு நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"எல்லாம் அந்த மரம் பண்ண வேலைடி. பாவம், உனக்கு எப்படித் தெரியும்? ஜன்னலை மூடியிருந்தா முதல் நாளே சரியாயிருக்கும்" என்று அக்கா கையை நீட்டினாள். "இப்பக் குடு, முகம் கழுவிட்டுத்தான் வந்திருக்கேன்."

தங்கை நிமிரவில்லை. குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"போன வருசம் எனக்கும் இப்படித்தான் வந்துச்சுக்கா. மூடினா நீ இவனைத் தூக்கிடுவியேன்னுதான், தினமும் நானே வந்து திறந்து வச்சேன்."